திருமுக்கூடல் கல்வெட்டும் இணையவழிப் பாடத்திட்டமும்

இணையவழியில் நடத்தப்படும் கல்லூரிப் பாடத்தின் பாடத்திட்டம் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். என்ன படிக்க வேண்டும்? யார், எந்த நிலைமையில் இருந்துகொண்டு படிக்கப்போகிறார்? எந்த வாரத்துக்குள் எவ்வளவு முடிக்க வேண்டும்? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று பரவியிருக்கும் கருத்து முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. பாடத்திட்டக் குழு ஒப்புதல் தந்த ஐந்து அலகுகள் கையில் இருக்கின்றன. வகுப்பறைக்குப் போதுமானது இணையத்துக்கும் போதும். ஆசிரியர் பேசுவதைப் பதிவுசெய்து ஏற்றிவிட்டால் பாடம் நடந்துவிட்டது. மீதியைக் கல்லூரி வயதுக்கு வந்த மாணவர் தாமே பார்த்துக்கொள்வார். இதுதான் அந்தக் கருத்து. துறைக் கூட்டங்களில் இதை எதிர்த்துப் பேசுபவர் அரிது. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியும் தவறு. அதைக் காட்டும் சான்று காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், ஒரு கோயில் சுவரில் 950 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு வீரராஜேந்திர சோழன் காலத்தது. 1069ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்டது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். அரசனின் போர் வெற்றிகளைச் சொல்லும் நீண்ட மெய்க்கீர்த்தி முடிந்ததும் செலவுக் கணக்கு தொடங்குகிறது. பூசை, திருவிழா ஆகியவற்றுக்குப் பிறகு சனநாத மண்டபத்தில் நடந்த கல்விச் சாலையும் மாணவர் விடுதியும் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையும் வருகின்றன. ரிக் வேதம் படிக்க 10 பேர், யஜுர் வேதத்துக்கு 10 பேர், ரூபாவதாரம் என்னும் நூலோடு இலக்கணம் படிக்க 20 பேர், மகாபாஞ்சராத்திரத்துக்கு 10 பேர், சிவப் பிராமணர் 3 பேர், வைகானசர் 5 பேர், இன்னும் 2 பேர். ஆக மொத்தம் 60 பேருக்குச் சோறு.

பாடங்களைப் பற்றிக் கல்வெட்டு சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான். அதற்குப் பிறகு நீள்வது வேறு பட்டியல். ஆசிரியர்களுக்கு நெல் எவ்வளவு, காசு எவ்வளவு. மாணவர் படுக்கப் பாய். இரவில் எரிய விளக்கெண்ணெய். சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய். ஏவல் செய்யும் பெண்களுக்குக் கூலி. படிப்பவர் நோயுற்றால் போக 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலை. அதன் மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்துவர ஆட்கள், மருந்து கொடுத்துக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் சுமப்பவர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று அது போகிறது. படிக்க வேண்டிய பொருள் சில சொற்களில் முடிந்துவிடுகிறது. படிப்பு நடப்பதற்கு வேண்டியவை வரி வரியாக எழுதப்பட்டிருக்கின்றன.

இது பாடத்திட்டமே இல்லை, கோயிலின் வரவுசெலவு ஆவணம் என்று மறுக்கலாம். அந்த மறுப்பு சரியே. திருமுக்கூடலைப் பல்கலைக்கழகம் என்று கொண்டாடுவதும் மிகை; 60 பேர் படித்த சிறிய சாலை அது. ஆனால் 60 பேரின் கல்வியைத் திட்டமிட்டவர்கள் எவற்றையெல்லாம் எழுதி வைத்தால்தான் அது நடக்கும் என்று கருதினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். ரிக் வேதத்தில் எந்தப் பகுதி எந்த நாள் என்பதை அவர்கள் எழுதவில்லை. அது ஆசிரியரின் நாவில் இருந்தது. எழுதாவிட்டால் நின்றுபோகக்கூடிய விளக்கையும் பாயையும் எழுதினார்கள்.

இன்றைய வளாகக் கல்லூரியிலும் இந்த வரிகள் அழிந்துவிடவில்லை. அவை பல இடங்களுக்குப் பிரிந்து போயிருக்கின்றன. விளக்கும் மின்விசிறியும் கட்டடத்தில் இருக்கின்றன. நேரம் மணியில் இருக்கிறது. எந்த நாள் எந்தப் பாடம் என்பது துறைச் சுவரில் ஒட்டிய கால அட்டவணையில். தேர்வுத் தேதி அறிவிப்புப் பலகையில். புரியாததைக் கேட்கப் பக்கத்து இருக்கைத் தோழர், தொலைந்த குறிப்புக்கு அவருடைய நோட்டு. வராமல் போனால் கேட்க வருகைப் பதிவேடு. வகுப்பறைப் பாடத்திட்டம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுவதற்குக் காரணம் அதன் சிக்கனமல்ல. மீதி வேலையைக் கல்லூரிக் கட்டடம் வாய் பேசாமல் செய்துவிடுகிறது. பாடம் இணையத்துக்குப் போகும்போது மணியும் பலகையும் பக்கத்து இருக்கையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கையில் மிஞ்சுவது அந்த ஒரு பக்கம் மட்டும். ஆகவே இணையப் பாடத்திட்டம் வகுப்பறைப் பாடத்திட்டத்தின் நகலாக இருக்கவே முடியாது. கட்டடம் செய்த வேலை முழுவதையும் அது எழுத்தில் செய்ய வேண்டும்.

எண்ணாயிரம் கல்வெட்டு இதற்கு இன்னொரு சான்று. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், முதலாம் ராஜேந்திரன் காலத்தில், 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்விச்சாலை இருந்தது. தொடக்க நிலையில் படித்தவர் 270 பேர். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய உயர்நிலைப் பாடங்களைப் படித்தவர் 70 பேர். தொடக்க நிலையினருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், உயர்நிலையினருக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. நிலைக்கு ஏற்ப வசதியும் வேறுபடும் என்பது அங்கே அளவோடு எழுதப்பட்டது. இன்றைய இணையப் பாடங்களில் முதலாண்டு மாணவருக்கும் முதுநிலை மாணவருக்கும் ஒரே அச்சில் வார்த்த வாரங்கள்தான் தரப்படுகின்றன.

இக்கல்வெட்டுகளில் ஒரு பெரிய குறையும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவற்றைப் பின்பற்றச் சொல்வது நேர்மையாகாது. அந்தச் சாலைகளின் கதவு பிராமண மாணவர்களுக்கே திறந்திருந்தது. பாலாற்றங்கரையில் உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் அந்த 60 இலைகளில் ஒன்றும் இல்லை. இணையக் கல்வியின் மேல் வைக்கப்படும் நம்பிக்கையே, இந்தக் கதவை அது எல்லோருக்கும் திறக்கும் என்பதுதான். ஆனால் கற்பவர் யார் என்று எண்ணிப் பார்க்காத பாடத்திட்டம் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. சோழர் காலக் கல்வெட்டு யாருக்கு இடம் என்று பெயர் சொல்லிப் பிறரை வெளியே நிறுத்தியது. இன்றைய பாடத்திட்டம் எவர் பெயரையும் சொல்லாமலே, தனி அறையும் நல்ல இணைப்பும் இல்லாத மாணவரை வெளியே நிறுத்திவிடுகிறது.

பாடத்திட்டத்தில் கற்பவருக்கு இடமுண்டு என்பது தமிழுக்குப் புதிய செய்தியும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி இதை இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. பொதுப்பாயிரம் ஐந்து செய்திகளைச் சொல்கிறது. நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், அவர் பாடம் சொல்லும் முறை என்ன, மாணாக்கர் யார், அவர் பாடம் கேட்கும் முறை என்ன என்பவை அவை. ஐந்தில் ஒன்றுதான் நூல். சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய 11 செய்திகளில், ஆசிரியர் பெயரும் நூலின் பொருளும் இருப்பது போலவே கேட்போர் யார், படித்தால் பயன் என்ன, காலம் எது, களம் எது, காரணம் எது என்பவையும் இருக்கின்றன. இன்றைய கல்லூரிப் பாடத்திட்டத் தாளை இந்த 11 செய்திகளோடு ஒப்பிட்டால் கேட்போர், காலம், களம் ஆகிய மூன்றும் காலியாகக் கிடக்கும். பயன் என்ற இடத்தில் கே1 முதல் கே6 வரை குறியிட்ட விளைவுகள் வரிசையாக இருக்கும். அவை தர மதிப்பீட்டுக் குழுவுக்காக எழுதப்பட்டவை. மாணவர் ஒருவர் அவற்றைப் படித்து இந்த வாரம் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள முடியாது.

இனி அந்தக் கருத்தின் பகுதிகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, இருக்கும் அலகுகளே போதும் என்பது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 3 மதிப்பலகு கொண்ட பாடம் வழக்கமாக 5 அலகு, அலகுக்கு 9 பாடவேளை, மொத்தம் 45 பாடவேளை என்று அமைந்திருக்கும். என்பிடெல் திட்டத்தின் வழியாக ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் 3 மதிப்பலகு தரும் பாடம் 12 வாரம் நடக்கிறது. 5 அலகுகளை 12 வாரத்தில் பிரித்தால் ஒன்றுக்கு 2.4 வாரம் வரும். மூன்றாம் வாரத்தின் நடுவில் முதல் அலகு முடிந்து இரண்டாவது தொடங்கும். அந்த வாரத்து வீட்டுவேலை இரண்டிலும் கால் வைத்து நிற்கும். வகுப்பறையில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆசிரியர் செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து புதன்கிழமை தொடர்வார். இணையத்தில் வாரம்தான் பாடத்தின் அடிப்படை அலகு. திங்களன்று திறக்கும் பாடத்துக்குள் நுழையும் மாணவருக்கு, அந்த வாரத்தில் தொடங்கி அந்த வாரத்திலேயே முடியும் ஒரு வேலை வேண்டும். அதனால் அலகுகளை உடைத்து வாரங்களாகத் திரும்பக் கட்டுவதுதான் பாடத்திட்டம் தயாரிப்பவரின் முதல் வேலை. பல இடங்களில் அது செய்யப்படுவதே இல்லை.

நேரக் கணக்கும் இப்படியே விடுபடுகிறது. 2023இல் வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு ஒரு மதிப்பலகை 30 மணி நேரக் கற்றலாகக் கணக்கிடுகிறது. 3 மதிப்பலகு என்றால் 90 மணி நேரம். 12 வாரத்தில் வாரத்துக்கு ஏழரை மணி நேரம். காணொளி வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மீதி ஐந்து மணி நேரத்தில் மாணவர் என்ன செய்ய வேண்டும்? எத்தனை பக்கம் படிப்பு, எத்தனை கணக்கு, எத்தனை வரி எழுத்து? வளாகப் பாடத்திட்டத்தில் இதற்கு விடை எழுதத் தேவையில்லை, நூலகமும் விடுதியும் அதைப் பார்த்துக்கொள்ளும். இணையப் பாடத்திட்டத்தில் இது எழுதப்படாவிட்டால் பாடம் இரண்டரை மணி நேரமாகச் சுருங்கும், அல்லது நான்கு பாடங்கள் சேர்ந்து மாணவரின் தலையில் விழும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40% வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருகின்றன. பத்தில் நான்கு பாடங்கள் இணையத்துக்குப் போகக்கூடிய நிலையில் இந்தக் கூட்டலைச் செய்யாமல் விடுவது பெரும் பிழை.

இரண்டாவது, காணொளியே பாடம் என்பது. இது மிக ஆழமாக வேரோடிய தவறு. ஸ்வயம் தளத்தின் சொந்த விதியே இதை மறுக்கிறது. அங்கே ஒரு பாடம் நான்கு பகுதிகளால் ஆனது: காணொளி, எழுத்துப் பாடம், தன்மதிப்பீடு, ஐயம் கேட்கும் கலந்துரையாடல். காணொளி அதில் கால்பங்குதான். நன்னூலும் ஏறத்தாழ இதே கணக்கைச் சொல்வது வியப்பூட்டும் பொருத்தம். ஆசிரியர் சொன்னதை முழுக்க உள்வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால்பங்குதான் கிடைக்கும். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை. பாடஞ்சொல்லலைத் தொழிலாகக் கொண்ட மரபு தன் பங்கைக் கால் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. பேச்சைப் பதிவுசெய்து ஏற்றுவதோடு நிற்கும் பாடம் முக்கால் பங்கை மாணவரின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறது.

அந்தக் கால்பங்கும் நீளமான பதிவால் கிடைப்பதில்லை. எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் நிலைத்திருக்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. 50 நிமிட வகுப்பை அப்படியே பதிவுசெய்து ஏற்றுவது ஆசிரியரின் உழைப்பையும் வீணாக்குகிறது. ஒவ்வொரு வாரத்துக்கும் எந்தக் கருத்தைக் காணொளியில் சொல்வது, எதை எழுத்தில் தருவது, எதை மாணவரே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளச் சொல்வது என்பது காமிராவின் முன் உட்காருவதற்கு முன்பே முடிவாக வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் இதற்கு நிகரான ஒழுங்கு இருக்கிறது. டிசைன் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரையப்படுகிறது. பிறகு அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடப்படுகிறது. அதன் பிறகுதான் தறி ஓடும். கிராஃப் தாளில் ஒரு கட்டம் தவறினால் அட்டையில் தவறும், அந்த அட்டை ஏறும் ஒவ்வொரு புடவையிலும் மயிலின் கழுத்து அதே இடத்தில் உடையும். வகுப்பில் ஆசிரியர் மாணவரின் முகத்தைப் பார்த்து உடனே திருத்திக்கொள்வார். பதிவு செய்த பாடத்தில் அந்தத் திருத்தம் நடக்காது. பிழை ஒவ்வொரு பருவமும் அப்படியே திரும்பி வரும்.

மூன்றாவது, மாணவர் தாமே பார்த்துக்கொள்வார் என்பது. இதைச் சொல்பவர்கள் ஒரு மாணவரை மனத்தில் வைத்திருக்கிறார்கள். அவருக்குத் தனி அறையும் மடிக்கணினியும் நாள் முழுதும் ஓடும் இணைப்பும் இருக்கின்றன. காஞ்சிபுரம் வட்டாரத்தில் கல்லூரிக்குப் போகும் மாணவர் பலரின் வீடு அப்படி இல்லை. நெசவு வீட்டில் முன்கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி பிடித்துக்கொள்கிறது. விடியும் முன்பே தெருவில் பாவு நீட்ட வீட்டார் அனைவரும் போக வேண்டும். கோர்வைப் புடவை தறியில் இருந்தால் மறுபக்கத்துக் கரைக்கு நாடா எறிய உடன் ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருக்கும் கல்லூரி மாணவரையே அதற்குக் கூப்பிடுவார்கள். தறிக்கட்டையில் சாய்த்து வைத்த கைபேசியில் பாடம் ஓடிக்கொண்டிருக்கும். ஜக்கார்டு ஏறி இறங்கும் சத்தத்தில் பேராசிரியரின் குரல் பாதிதான் கேட்கும். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் ரீசார்ஜ் மூன்று பேருக்குப் பொது. இந்த மாணவருக்குக் காணொளியின் எழுத்து வடிவம் கூடுதல் வசதி அல்ல, அதுதான் பாடம். வாரத்தின் எழுத்துப் பாடமும் வினாக்களும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரே கோப்பாகக் கிடைக்கும் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி இருந்தால் அவர் இரவில் தறி நின்ற பிறகு படிப்பார்.

இதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள சமூகப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் உண்டு. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. திருமுக்கூடலில் விளக்கெண்ணெய்க்கு ஒரு வரி ஒதுக்கியதற்கு நேரான செயல் அது. டேட்டா இல்லாவிட்டால் பாடம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நான்கு மாதங்கள் முடிந்த பிறகு கல்லூரிகளின் பாடத்திட்டங்களில் அதன் தடம் எதுவும் பதியவில்லை. ஒரு வாரத்துப் பாடத்தைப் பார்க்க எவ்வளவு டேட்டா செலவாகும் என்று ஓர் எண்ணை எழுதுவதற்குப் பணமே தேவையில்லை. அக்கறை இருந்தால் போதும்.

பாடத்திட்டக் காலத்தையும் அந்த நெசவு வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடம் அக்டோபரில் முடிகிறது. அதுதான் தீபாவளி ஆர்டர்கள் தறியில் ஏறும் காலம். வீடே இரவு பகலாக நெய்யும் அந்த வாரங்களில் கடைசி மூன்று வீட்டுவேலைகளையும் குவித்து வைப்பது, காஞ்சிபுரத்து மாணவரைப் பாடத்திலிருந்து வெளியே தள்ளுவதற்குச் சமம். என்பிடெல் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது: 12 வார வீட்டுவேலைகளில் சிறந்த 8 மட்டும் மதிப்பெண்ணில் சேரும். நான்கு வாரம் தவறினாலும் மாணவர் வீழ்ந்துவிடமாட்டார். கல்லூரிகள் தாமே நடத்தும் இணையப் பாடங்களிலும் இந்த வழி வேண்டும். அது கருணை காட்டுவதாகவோ தனி விண்ணப்பத்தின் பேரில் தரப்படுவதாகவோ இருக்கக் கூடாது. முதல் நாளே பாடத்திட்டத்தில் விதியாக நிற்க வேண்டும்.

தாமே பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையை எண்களும் தாங்கவில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை 2012 முதல் 2018 வரை ஆராய்ந்து 2019இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரை, பதிவுசெய்தவர்களில் 52% பேர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை என்று காட்டியது. 2017-18இல் பாடத்தை முடித்தவர் பதிவுசெய்தோரில் சுமார் 3% மட்டுமே. இலவசப் பாடம் என்பதால் விளையாட்டாகப் பதிந்தவர்களும் அதில் உண்டு. கல்லூரி மாணவரின் கணக்கு இவ்வளவு மோசமாக இராது. எனினும் உலகின் மிகச் சிறந்த காணொளிகள் சும்மா கிடைத்தும் பெரும்பான்மையோர் வாசலைக்கூடத் தாண்டவில்லை என்ற உண்மை, ஏற்றிவிட்டால் போதும் என்ற கருத்துக்கு நேர் எதிராக நிற்கிறது.

நல்ல இணையப் பாடத்திட்டம் தமிழில் எழுதப்பட்டதில்லை என்றும் சொல்ல முடியாது. 2001 பிப்ரவரி 17இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், வா. செ. குழந்தைசாமியின் தலைமையில் உருவானது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அவருக்குத் தொலைவிலிருந்து படிக்கும் மாணவரின் தனிமை தெரிந்திருந்தது. அக்கழகத்தின் பட்டப்படிப்புப் பாடங்களைத் திறந்தால் ஒவ்வொரு பாடமும் தான் எதைச் சொல்லப்போகிறது, படிப்பவருக்கு அதனால் என்ன பயன் என்று சொல்லிவிட்டே தொடங்கும். பகுதிகள் சிறியவை. சில பகுதிகள் போனதும் தன்மதிப்பீட்டு வினாக்கள் வந்து நிறுத்தும். விடையைச் சரிபார்த்துவிட்டு மேலே போகலாம். கடைசியில் தொகுப்புரை. உயர்வேக இணைப்பு அரிதாக இருந்த காலத்தில், வெவ்வேறு நாடுகளில் சிதறியிருந்த தமிழ் மாணவர்களை எண்ணிக் கட்டப்பட்ட வடிவம் இது. எழுத்தே முதன்மை, ஒலி துணை. இன்றைய கல்லூரிகள் அதைவிட நூறு மடங்கு வேகமான இணைப்பை வைத்துக்கொண்டு அதைவிடப் பின்தங்கிய பாடத்தைத் தருகின்றன. பின்னடைவுக்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை.

மதிப்பீட்டிலும் பரவிய கருத்து வகுப்பறையையே திரும்பக் கொண்டுவருகிறது: இன்டர்னல் இரண்டு, பருவத் தேர்வு ஒன்று. இடைப்பட்ட வாரங்களில் மாணவர் நின்றுபோனாலும் ஆசிரியருக்குத் தெரியாது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இதை வேறு விதமாக அமைத்தது. வாரந்தோறும் மதிப்பெண்ணுள்ள வீட்டுவேலை. வினாடி வினாக்களும் இறுதித் தேர்வும் தேர்வு மையத்தில் நேரில். சேர விரும்புவோர் முதலில் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். கற்பவர் இந்த வேகத்தைத் தாங்குவாரா என்பதை அவரும் நிறுவனமும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள அந்த நான்கு வாரங்கள் உதவுகின்றன. தேர்வை நேரில் வைத்ததால் வாரந்தோறும் செய்யும் வேலையை அச்சமின்றிப் பயிற்சியாக விட முடிகிறது. சிறிய கல்லூரி இவ்வளவும் செய்ய முடியாது. முதல் இரண்டு வாரத்தில் ஒரு சிறு வேலையை வாங்கி, அதைத் தராதவரைக் கைபேசியில் அழைத்துப் பேசுவது எந்தக் கல்லூரிக்கும் முடியும். அழைப்பவர் யார், எந்த நாளில் என்பதும் பாடத்திட்டத்தின் பகுதிதான்.

நீளமான பாடத்திட்டத்தை யார் படிப்பார்கள் என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. பத்துப் பக்க விதித்தொகுப்பை எந்த மாணவரும் படிக்கமாட்டார். அதனால் விடைகள் இருக்க வேண்டிய இடம் அந்தந்த வாரத்தின் தலைப்பு: இந்த வாரம் முடிக்க வேண்டியது, ஆகும் நேரம், ஆகும் டேட்டா, கெடு நாள், சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியவர். ஐந்து வரிகள். இப்படி எல்லாவற்றையும் முன்பே எழுதிவிட்டால் ஆசிரியரின் சுதந்திரம் போய்விடும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. எழுதி வைத்த திட்டம்தான் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற இடம் தருகிறது. எழுதாத திட்டத்தில் மாற்றம் நடந்தால் அது மாணவருக்குத் தெரிவதே இல்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பாடத்திட்டம் வந்துவிடுகிறதே என்பது இப்போதைய புதிய வாதம். பாடத்தின் பெயரைக் கொடுத்தால் தலைப்புகளும் நூல்களும் வாரங்களும் வரிசையாக வரும் என்பது உண்மை. ஆனால் அந்த வகுப்பில் சேர்ந்திருக்கும் 60 பேரில் எத்தனை பேர் கைபேசியில் மட்டும் படிக்கிறார்கள், எத்தனை பேருக்குத் தமிழில் விளக்கம் வேண்டும், யாருக்குக் காது கேட்காது, எந்த ஊரில் மாலையில் மின்சாரம் போகும் என்பவை சேர்க்கைக்குப் பின் ஒரு பக்கக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டால்தான் தெரியும். கேட்டுத் தெரிந்தவற்றைக் கொடுத்தால் இயந்திரமும் உதவும். கேட்காமல் வாங்கும் பட்டியல் பழைய ஐந்து அலகுகளின் இன்னொரு நகல்.

இந்த வேலைக்கு ஆகும் உழைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் கடைசிச் சிக்கல். அலகுகளை வாரங்களாக்கி, எழுத்துப் பாடம் எழுதி, வினாக்கள் அமைத்து, சிறு காணொளிகள் பதிவுசெய்ய ஒரு பருவத்துக்குக் குறையாத நேரம் வேண்டும். அது பெரும்பாலும் வழக்கமான பாடவேளைகளுக்கு மேல் சுமத்தப்படுகிறது. பல துறைகளில் கௌரவ விரிவுரையாளர் தலையில் விழுகிறது. ஆசிரியருக்கு நேரம் தராமல், இருக்கும் பாடத்திட்டமே போதும் என்று சொல்வது கல்லூரிக்கு மலிவான வழி. அந்தக் கருத்து இவ்வளவு தூரம் பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம். திருமுக்கூடலில் ஆசிரியரின் நெல்லும் காசும் தனி வரியில் இருந்தன. இணையப் பாடத்தைத் தயாரிப்பவருக்கும் அந்தப் பருவத்தில் குறைக்கப்படும் பாடவேளைகள் எத்தனை, தரப்படும் ஊதியம் எவ்வளவு என்று ஒப்புதல் ஆணையிலேயே வரி இருக்க வேண்டும். பாடம் முதல் முறை நடந்து முடிந்ததும் எந்த வாரத்தில் மாணவர்கள் நின்றுபோனார்கள் என்பது தளத்தின் பதிவிலேயே தெரிந்துவிடும். மூன்றாண்டு கழித்துக் கூடும் பாடத்திட்டக் குழுவுக்காகக் காத்திராமல் அந்த வாரத்தின் பக்கத்தை அடுத்த பருவம் தொடங்கும் முன் அதே ஆசிரியர் திருத்த வேண்டும். திருத்திய நாளை அதன் தலைப்பில் குறிக்க வேண்டும்.